நிலையும் விலையும்: ஒரகடம் வட்டாரத்தில் ஒரு வீட்டைச் செப்பனிடுவதன் வரலாறு

1

‘விலை ஏறிப்போச்சு’ என்று சொல்கிறோம். ஏற்றியவர் யார் என்பது இந்த வாக்கியத்துக்குள் கிடையாது. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போல விலை ஏறுகிறது. சிமெண்ட் கடையிலும் மரவாடியிலும் டீக்கடை பெஞ்சிலும் அன்றாடம் புழங்கும் இந்தப் பேச்சை நாமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு சமூக உறவை இயற்கை நிகழ்ச்சியாக மாற்றிக் காட்டுவது ஆதிக்கக் கதையாடல்களின் பழைய வேலை. ஆக, விலை என்கிற இந்த ‘இயற்கை’க்கு ஒரு வரலாறு உண்டா என்று கேட்டுப் பார்ப்போம். கேள்வி அந்தரத்தில் தொங்காமல் இருக்க ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் உள்ளே தள்ளி ஒரு காலனி. அங்கே என் சித்தி வீடு. 1980களின் கடைசியில் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. ஒரு அறை, முன்னால் சின்னத் திண்ணை, மேலே காங்கிரீட் தளம். தளத்தின் அடிப்பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. துருப்பிடித்த கம்பி உப்பிக்கொண்டு மிச்சக் காரையையும் தள்ளுகிறது. வாசல் நிலையைக் கரையான் தின்றுவிட்டதால் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். சித்தியின் மகன் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு தை மாதத்தில், “பழச இடிக்க வேணாம்ணே, அப்படியே சரிபண்ணிடலாம்” என்று ஆரம்பித்தான். மேஸ்திரி ஒரு பள்ளிக்கூட நோட்டில் கணக்குப் போட்டுக் கொடுத்தார். சித்திரையில் அதை அடித்துவிட்டு வேறு எழுதினார். ஆடியில் மறுபடியும் அடித்தார். “தம்பி, நான் ஏத்தலப்பா. கடைக்காரன் ஏத்தறான். கடைக்காரனக் கேட்டா கம்பெனிக்காரன் ஏத்திட்டான்றான். கம்பெனிக்காரன நான் எங்க போயிக் கேக்கறது?” என்றார்.

மேஸ்திரியின் கேள்வி நியாயமானது. அந்த நோட்டுப் பக்கத்தில் மரம், சிமெண்ட், மணல், ஜல்லி என்று நான்கு வரிகள். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு சட்டமோ தீர்ப்போ அரசாணையோ இருக்கிறது. இவற்றை வரிசையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

2

அதற்கு முன் ஒரு பழங்கதையை விசாரித்துவிட வேண்டும். ‘அந்தக் காலத்துல வீடு கட்டக் காசே ஆவாது, ஏரியில மண்ணு, கொல்லையில பனை, தோப்புல கீத்து’ என்பது அந்தக் கதை. பாதி உண்மை. செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். வண்டல் மண்ணில் சுவரெழுப்பி, பனங்கையை உத்தரமாகப் போட்டு, கீற்றோ ஓலையோ வேய்ந்த வீட்டுக்குக் கடைச்சரக்கு பெரிதாகத் தேவைப்படவில்லை. கூலியும்கூடப் பாதி நெல், பாதி கைம்மாற்று உழைப்பு.

மீதிப் பாதியை இந்தக் கதை சொல்வதில்லை. அந்த ஏரியும் தோப்பும் யாருடையவை? செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டராயிருந்த டிரெமன்ஹீர் 1891-இல் இம்மாவட்டப் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். சேரி மக்கள் குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் அதற்கு உரிமை கொண்டாடினார், எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டு வெளியேற்ற முடிந்தது என்பதெல்லாம் அதில் பதிவானது. இதைத் தொடர்ந்து வந்ததுதான் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010-ஆம் எண் அரசாணை. இன்று நாம் ‘பஞ்சமி நிலம்’ என்று சொல்வதன் தோற்றுவாய். அந்த நிலங்களை மீட்கக் கேட்டு எழுந்த காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்ததை இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. விவசாயத் தொழிலாளர் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1971-இல்தான் வந்தது.

இதை வீட்டின் மொழியில் சொல்லிப் பார்ப்போம். எப்போது வேண்டுமானாலும் கிளப்பிவிடப்படக்கூடிய மனையில் யாராவது தேக்கு நிலை வைப்பார்களா? தச்சனைக் கூப்பிட்டு, நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து வாசக்கால் நிறுத்துவதற்கு ‘நிலை வைக்கிறது’ என்று பெயர். நிலைத்து நிற்பது என்கிற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நிலை வைப்பவன் ‘நான் இங்கேயே இருப்பேன்’ என்று ஊருக்கு அறிவிக்கிறான். அந்த அறிவிப்புக்கான உரிமை சேரிக்கு இல்லை. ஆகவே அங்கே மண்சுவரும் ஓலையும் மட்டுமே. அது எளிமை அல்ல, விதிக்கப்பட்ட தற்காலிகம்.

ஆக, விலை இல்லாத காலத்திலும் தடை இருந்தது. தடையைச் சாதி நேராகச் சொன்னது. இன்று மனைக்குப் பட்டா இருக்கிறது, கூலி பணமாகக் கையில் வருகிறது. ‘தேக்கு வைக்காதே’ என்று யாரும் சொல்வதில்லை. மரவாடியில் விலைச் சீட்டை நீட்டுகிறார்கள். மிராசுதார் சொன்ன அதே ‘கூடாது’ இப்போது ‘கட்டுப்படியாகாது’ என்று உச்சரிக்கப்படுகிறது என்பதே நாம் இங்கே முன்வைக்கும் வாதம்.

3

முதல் வரி: மரம்.

தேக்கு அரச மரமானதும் சர்க்கார் மரமானதும் ஒரே நாளில் நடந்ததல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கைக் கப்பலுக்காக வெட்டித் தீர்த்த கம்பெனி, 1840களில் நிலம்பூரில் கலெக்டர் கனோலியைக் கொண்டு தேக்குத் தோட்டம் போட்டது. 1852 போரில் பெகு கைக்கு வந்ததும் பர்மாத் தேக்கு கிடைத்தது. 1856-இல் அங்கே காடுகளுக்கு அதிகாரியாகப் போன பிராண்டிஸ் என்கிற ஜெர்மானியர்தான் பிறகு இந்திய வனத்துறையின் தலைவரானார். அதே 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடியது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டை, இஞ்சினுக்கு விறகு என்று ரயில் காட்டைத் தின்றது. மிச்சக் காட்டை ‘பாதுகாக்க’ 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்தது. ஊரார் மரம் வெட்டிக்கொண்டிருந்த மலை ‘ரிசர்வ்’ ஆனது. வழக்கம் குற்றமானது, குற்றத்துக்கு அபராதம் வந்தது. மரத்துக்கு நம் பக்கத்தில் எழுதப்பட்ட முதல் ‘விலை’ அந்த அபராதம்தான் எனலாம்.

பர்மாத் தேக்கு செட்டிநாட்டு வளவுகளில் தூணாகவும் உத்தரமாகவும் நிற்பதை வியந்து பார்க்கிறோம். ஊர்ப்பக்கம் வசதியானவர் வீட்டுத் தலைவாசலில் அதுவே கௌரவம். மற்றவர்களுக்கு வேம்பு, பூவரசு, பலா. இந்தப் படிநிலை இன்னும் மாறவில்லை. மரங்களின் பெயரும் வந்து சேரும் தூரமும் மாறியிருக்கின்றன.

1996 இவ்வட்டாரத்தின் வரலாற்றில் முக்கியமான ஆண்டு. மே மாதம் ஹூண்டாய் நிறுவனம் இங்கே பதிவானது. 1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் வெளியே வந்தது. அதே 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் நாடு முழுக்க மரம் வெட்டுவதையும் அறுவை ஆலைகளையும் கட்டுப்படுத்தும் உத்தரவைப் போட்டது. அந்த வழக்கு புறப்பட்ட இடம் நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர். காடு காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. காடு காப்பாற்றப்பட்டதற்கான செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதே கேள்வி. உள்நாட்டு மரம் சுருங்கச் சுருங்க இறக்குமதி பெருகியது. சரவாக் காட்டு மரமும் பர்மாத் தேக்கும் கப்பலில் வந்தன. அதாவது நம் காட்டுக்குப் பதிலாக வேறொரு மக்களின் காடு வெட்டப்பட்டது. 2014 ஏப்ரல் 1 முதல் பர்மா உருட்டு மர ஏற்றுமதியைத் தடைசெய்தது. அந்த மரத்தை உலகத்திலேயே அதிகம் வாங்கிக்கொண்டிருந்தது இந்தியா. அதன் பிறகு கானா, தான்சானியா, ஈக்வடார், பனாமா என்று தோட்டத் தேக்கு வருகிறது.

ஒரகடத்துக்காரன் வைக்கும் நிலைக்கட்டை ஈக்வடாரிலிருந்து வருகிறதென்றால், அதன் விலையில் டாலர் இருக்கிறது, கப்பல் வாடகை இருக்கிறது, துறைமுகக் கூலி இருக்கிறது. 2021-இல் கன்டெய்னர் கிடைக்காமல் உலகம் முழுக்கக் கப்பல் கட்டணம் ஏறியபோது அது இந்த நோட்டிலும் ஏறியது. அந்த ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவிலும் கட்டுமான மரத்தின் விலை அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. கொரோனாவில் வீட்டுக்குள் அடைபட்ட நடுத்தர வர்க்கத்தார் வீட்டைப் புதுப்பிக்கக் கிளம்பியது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அவர்கள் ஊர்ப் பத்திரிகைகளுக்கு அது ஒரு பெரிய செய்தி. காலனியில் வேம்பு நிலைக்குக் கூடக் காசு போதாமல் கதவைக் கயிற்றால் கட்டினால் அது எங்கும் செய்தியாவதில்லை.

4

இரண்டாவது வரி: சிமெண்ட்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் ‘பர்மிட் சிமெண்ட்’ ஞாபகமிருக்கும். 1956 முதல், இடையில் இரண்டாண்டுகள் தவிர, சிமெண்டின் விலையும் விநியோகமும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. தாலுகா ஆபீசுக்கு நடந்தால்தான் நாலு மூட்டை. கட்டுப்பாடு கள்ளச் சந்தையை வளர்த்தது உண்மைதான். சிமெண்ட் ஒதுக்கீட்டுக்குக் கைமாறாக அறக்கட்டளை நன்கொடை என்கிற விவகாரத்தில் 1982 ஜனவரியில் மகாராஷ்டிர முதலமைச்சர் அந்துலே பதவி விலகினார். அடுத்த மாதமே, பிப்ரவரி 28-இல், சிமெண்டில் ஒரு பகுதியை வெளிச்சந்தைக்கு விட்டது மத்திய அரசு. 1989 மார்ச் 1 முதல் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது.

‘சுதந்திரச் சந்தை வந்தால் போட்டி வரும், போட்டி வந்தால் விலை இறங்கும்’ என்று அன்றைக்குப் பாடம் எடுத்தார்கள். நடந்தது என்ன? முன்னணி சிமெண்ட் நிறுவனங்கள் கூடிப் பேசி உற்பத்தியையும் விலையையும் தீர்மானித்தன என்று முடிவுக்கு வந்த இந்தியப் போட்டி ஆணையம் 2012 ஜூனில் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2015-இல் நடைமுறைக் குறையைக் காட்டி தீர்ப்பாயம் அதை ரத்துசெய்தது. 2016-இல் ஆணையம் மறுபடி விதித்தது. 2018-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதிசெய்தது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. பத்து மூட்டை வாங்கியவனுக்கு ஒரு காசு திரும்பி வந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

இன்னொன்று. சிமெண்ட் வியாபாரத்தில் ‘ட்ரேட்’, ‘நான்-ட்ரேட்’ என்று இரண்டு விலை உண்டு. ட்ரேட் என்றால் கடை வழியாகச் சில்லறையில் போவது. நான்-ட்ரேட் என்றால் பெரிய கட்டுமானக் கம்பெனிக்கு மொத்தமாகப் போவது. வழக்கமாக அதற்கு விலை குறைவு. ஆலைக்குக் கொட்டகை போடுகிற ஒப்பந்தக்காரருக்கு ஒரு விலை, அந்தக் கொட்டகைக்குள் வேலை செய்பவன் தன் வீட்டுக்கு வாங்கும்போது அதைவிடக் கூடுதல் விலை. ஏழை என்பதனாலேயே அதிகம் கொடுக்க வேண்டியிருப்பதைச் சந்தையின் ‘நடுநிலை’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அரசு சும்மா இருந்ததா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. 2015 ஜனவரியில் ‘அம்மா சிமெண்ட்’ மூட்டை 190 ரூபாய்க்கு வந்தது. புது வீட்டுக்கு 750 மூட்டை வரை, பழுதுபார்ப்புக்கு 10 முதல் 100 மூட்டை வரை. பழுதுபார்ப்பு என்கிற வேலையை ஒரு திட்டம் கணக்கில் எடுத்தது முக்கியமானது. ஆனால் அதை வாங்க வரைபடமோ வி.ஏ.ஓ. போன்றவர்களின் சான்றோ வேண்டும். வரைபடமே இல்லாத காலனி வீட்டுக்காரர் மறுபடி ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டியதாயிற்று. பர்மிட் வேறு பெயரில் திரும்பி வந்தது. 2021 நவம்பரில் அரசின் டான்செம் நிறுவனம் ‘வலிமை’ சிமெண்டை 350, 365 ரூபாய்க்கு இறக்கியது.

வரியையும் விட்டுவிடக் கூடாது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சிமெண்டுக்கு 28 சதவீதம். காருக்கும் அதே 28. ஒரகடத்தில் ஒருவன் செய்யும் காரும் அவன் வீட்டுக்கு வாங்கும் சிமெண்டும் எட்டு வருஷம் ஒரே அடுக்கில் உட்கார்ந்திருந்தன. 2025 செப்டம்பர் 22 அன்று இரண்டும் சேர்ந்தே 18-க்கு இறங்கின. காரில் சிறிய கார்களுக்கு மட்டும். தலைக்கு மேலே கூரை என்பது ஆடம்பரம் அல்ல என்று கண்டுபிடிக்க எட்டு வருஷம்!

5

மூன்றாவதும் நான்காவதும்: மணல், ஜல்லி.

சென்னையைச் சுற்றியுள்ள கருங்கல்லுக்குப் புவியியலில் ‘சார்னகைட்’ என்று பெயர். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல் அது. ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1890களில் அந்தக் கல்லறையைப் பார்த்து இந்தக் கல்லுக்கு அவன் பெயரை வைத்தார். கல்லை உடைத்தவர்களின் பெயர் எந்த அறிவியலிலும் இல்லை. பல்லாவரம், திரிசூலம், பம்மல் என்று உடைத்துக்கொண்டே வந்து, நகரம் வளர வளரக் குவாரிகள் மேற்கே நகர்ந்தன. உடைத்து முடித்த பள்ளங்களில் மழைத்தண்ணீர் தேங்கியது. 2017-லும் 2019-லும் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது சிக்கராயபுரத்துக் கைவிடப்பட்ட குவாரிகளிலிருந்துதான் தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்து அனுப்பினார்கள். கல்லும் போனது, கல் இருந்த பள்ளத்துத் தண்ணீரும் போனது.

மணலுக்குப் பாலாறு. தண்ணீர் வராத ஆறு என்பதால் மணல் எடுக்க வசதியான ஆறு. தனியார் குத்தகையில் சூறையாடல் நடக்கிறது என்று சொல்லி 2003-இல் தமிழக அரசு மணல் குவாரிகளைத் தானே எடுத்துக்கொண்டது. எடுப்பது அரசு, அள்ளிப் போடுவது ஒப்பந்தக்காரர், இடையில் ‘செகண்ட் சேல்ஸ்’ யார்டு. அரசு குவாரியில் ஒரு விலை, யார்டில் ஒரு விலை, வீட்டு வாசலில் இறங்கும்போது வேறொரு விலை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆறு மாதத்துக்குள் மணல் குவாரிகளை மூடச் சொன்னது. மலேசியாவிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து இறங்கிய மணல் பற்றிய வழக்கில் வந்த உத்தரவு அது. ஆற்றங்கரையில் பிறந்தவனுக்கு மணல் கப்பலில் வருகிறது! இன்றைக்குப் பெரும்பாலான வேலைக்கு எம்-சாண்ட்தான், அதாவது கல்லைப் பொடித்த மணல். ஆற்று மணல் கிடைக்காததால் மலை இரண்டு தடவை விற்கிறது: ஒரு தடவை ஜல்லியாக, ஒரு தடவை மணலாக.

இங்கே ஒரு வழக்கின் கதையைச் சொல்லியாக வேண்டும். சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல்லின் ராயல்டி மீது தமிழ்நாடு அரசு பஞ்சாயத்துச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சிக்கான வரி விதித்திருந்தது. இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் 1989 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அடித்துவிட்டது. கவனியுங்கள்: சிமெண்ட் விலைக்கு விடுதலை கிடைத்த அதே ஆண்டு, கல் வெட்டப்படும் ஊரின் பஞ்சாயத்துக்குக் கிடைத்துவந்த பங்கு பறிபோனது. 35 ஆண்டு கழித்து 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தத் தீர்ப்பு தவறு, மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. தமிழ்நாடு உடனே கனிம நிலவரிச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குவாரி, கிரஷர் முதலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், விலையை ஏற்றினார்கள், பேச்சுவார்த்தை நடந்தது, அரசு சலுகை கொடுத்தது, யூனிட்டுக்கு 1,000 ரூபாய் குறைப்பு என்று அறிவிப்பு வந்தது. மாநில உரிமை மீண்டது சரி. ஆனால் அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் நூறு கன அடி ஜல்லி வாங்குகிறவனுக்கு நாற்காலி இருந்ததா? முதலாளிகளின் வேலைநிறுத்தத்துக்கு மாதக் கடைசிக்குள் தீர்வு வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2024-இல் சாம்சங் தொழிலாளர் 37 நாள் உட்கார்ந்திருந்தார்கள்.

6

‘ஏன் இந்தச் சிமெண்ட் மோகம்? மண் வீடு குளிர்ச்சி, சூழலுக்கு நல்லது’ என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுடைய அக்கறையைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் மண் வீட்டைத் தேர்ந்தெடுப்பது வேறு, மண் வீட்டில் வைக்கப்படுவது வேறு. தேர்ந்தெடுப்பவர் அதற்கு ஆர்க்கிடெக்ட் வைத்துக்கொள்கிறார்.

காங்கிரீட் வீடு தலித் மக்களுக்கு வெறும் வசதியாக மட்டும் இருந்ததில்லை. அது எதிரிக்கு உடனே புரிந்த மொழி. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தது ஒரு குடிசையில். தீ வைக்க ஒரு குச்சி போதுமான வீடு அது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து அடித்து நொறுக்கியது, வளைகுடாவுக்குப் போய் உழைத்த பணத்தில் எழுந்த வீடுகளையும் அவற்றிலிருந்த சாமான்களையும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியில் வெளியூர்க் கூலியில் கட்டிய வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. குடிசை எரிக்கப்பட்டதற்கும் நல்ல வீடு குறிவைக்கப்பட்டதற்கும் நடுவே ஒரு வரலாறு இருக்கிறது. இவர்கள் நிலைத்து நிற்கிறார்கள் என்பதைப் பொறுக்க முடியாமை அது. காலனியில் தளம் உதிர்கிறபோது அதைத் திரும்பப் போட வேண்டும் என்கிற பிடிவாதத்தை இந்த வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அதோடு, தளத்துக்குப் போகிற செங்கல்லின் வரலாறும் சுத்தமானதல்ல. காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் இருளர்களும் ஒடிசாவிலிருந்து முன்பணம் கொடுத்துக் கூட்டிவரப்பட்ட குடும்பங்களும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டது பலமுறை நடந்திருக்கிறது. 1976-இலேயே ஒழிக்கப்பட்ட முறை இது. ஆகவே ‘விலை குறைய வேண்டும்’ என்று நாம் கேட்கும்போது யாருடைய கூலியில் குறைய வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சூளைக்காரியின் கூலியில் அல்ல.

7

மறுபடி சித்தி வீட்டுக்கு வருவோம். 2000-01க்கு முன் கட்டிய ஊரக வீடுகளில் 2.5 லட்சத்தை 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்க்கும் திட்டத்தை மாநில அரசு 2024-இல் அறிவித்தது. தொகுப்பு வீடுகள் உதிர்வதை அரசே ஒப்புக்கொண்டது என்பது வரவேற்கத்தக்கது. புது வீட்டுக்கு அதே ஆண்டில் வந்த கலைஞர் கனவு இல்லம் 3.5 லட்சம் தருகிறது. மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் 2016-இல் சமவெளிக்கு 1.20 லட்சம் என்று வைத்தார்கள். 2024-இல் திட்டத்தை 2029 வரை நீட்டித்தபோதும் அதே 1.20 லட்சம். மாநிலம் தன் பங்குக்குச் சேர்த்துக் கொடுத்து ஈடுகட்டுகிறது. எட்டு வருஷத்தில் கம்பி, சிமெண்ட், ஜல்லி எல்லாம் நகர்ந்தன. 2022-இல் எஃகு விலையை அடக்க மத்திய அரசே மே மாதம் ஏற்றுமதி வரி போட்டு நவம்பரில் எடுக்க வேண்டியிருந்தது. இந்தத் தொகை மட்டும் நகரவில்லை.

இதை இன்னொன்றோடு ஒப்பிடுங்கள். அரசின் பெரிய கட்டுமான ஒப்பந்தங்களில் ‘விலை மாறுபாட்டு விதி’ என்று ஒரு ஷரத்து வைப்பார்கள். வேலை நடக்கும்போது சிமெண்டும் கம்பியும் ஏறினால் ஒப்பந்தக்காரருக்குக் கூடுதல் தொகை. அதாவது விலை என்பது நகரக்கூடியது, நகர்ந்தால் அதன் சுமையை அரசு பகிர வேண்டும் என்பது அரசுக்கு நன்றாகவே தெரியும். பயனாளி என்று பெயர் வைத்திருக்கும் ஏழையிடம் மட்டும் அது மறந்துபோகிறது.

ஆக, கோரிக்கை புரட்சிகரமானதுகூட அல்ல. வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் தரும் தொகையில் அந்த ஷரத்தை எழுதுங்கள். பத்து மூட்டை வாங்குபவனுக்கு மொத்த விலையில் சிமெண்டும் ஜல்லியும் தர ஒன்றியத்துக்கு ஓர் அரசுக் கிடங்கு வையுங்கள்; சான்றிதழ் கேட்டு அலையவிடாதீர்கள். கல் வெட்டுகிற ஊரின் பஞ்சாயத்துக்கு 1989-இல் பறிபோன பங்கைத் திருப்பிக் கொடுங்கள். சங்கங்கள் கூலி உயர்வுக்குப் பேசும்போது வீட்டையும் பேசுங்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் பெரிய விடுதி திறக்கப்பட்டது. ஆலைக்கு அருகே தொழிலாளியைத் தங்கவைப்பது மூலதனத்தின் தேவையாகும்போது சிமெண்டும் கம்பியும் கிடைத்துவிடுகின்றன. தொழிலாளி தன் ஊரில் தன் வீட்டில் தங்குவதற்கும் அவை கிடைக்க வேண்டும்.

போன மாதம் போயிருந்தேன். தளத்துக்குக் கம்பி கட்டி நிற்கிறது, காங்கிரீட் போடவில்லை. வாசலில் கதவு மாறியிருந்தது. வெளிநாட்டு இயந்திரம் வந்த பெட்டியின் பைன் பலகை. பழைய சாமான் கடையில் எடை போட்டு வாங்கித் தச்சன் அடித்தது. சூடுகாட்டியதற்கான முத்திரையும் ஏதோ ஒரு நாட்டின் எழுத்தும் பலகையில் அப்படியே இருந்தன. “நல்லாத்தானே இருக்குது?” என்றாள் சித்தி. நன்றாகத்தான் இருந்தது. “நிலை?” என்று கேட்டேன். “அது இன்னும் பழசுதான். கரையான் தின்னது போக மீதி நிக்குது. தீவாளி போனஸ் வரட்டும்” என்றான் தம்பி. ஒப்பந்தத் தொழிலாளிக்குப் போனஸ் உண்டா என்று நான் கேட்கவில்லை.